மஞ்சட் சட்டையின் விலை

செய்தியை அறிந்து சொல்லுதல் பத்திரிகையின் தொழில். சொல்லுவதற்கு ஒரு பெருஞ் செய்தி வேண்டுமென்பதற்காகவே அச்செய்தியை உண்டாக்கிய பத்திரிகையும் ஒன்று உண்டு. இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில், பாரிஸ் நகரிலே ‘லோட்டோ’ என்னும் பெயருடன் வெளிவந்த விளையாட்டு நாளிதழே அது. மஞ்சள் நிறத் தாளில் அச்சாகிய அந்த இதழுக்குப் பச்சை நிறத் தாளில் வெளிவந்த ‘ல வேலோ’ என்னும் இதழ் போட்டியாக நின்றது. விற்பனை குன்றியது, கவலை மிகுந்தது. 1902ஆம் ஆண்டின் இறுதியில் ஆசிரியர் ஹென்றி டெக்ரான்ஜ் தம் உதவியாளரைக் கூட்டி ஆலோசித்தபோது, ஜெயோ லெபெவர் என்னும் இளம் நிருபர், நாடு முழுவதையும் சுற்றிவரும் துவிச்சக்கரவண்டி ஓட்டப் போட்டி ஒன்றை நடத்தினால் என்ன என்று கேட்டார். அந்தக் கேள்வியிற் பிறந்ததே ‘தூர் த பிரான்ஸ்’. பிரான்சைச் சுற்றி வருதல் என்பது அதன் பொருள்.

பிறந்த கதை வணிகக் கதையே. ஆயினும், வணிகத்தின் பொருட்டுப் பிறந்த ஒன்று மனித இயல்பை ஆராய்வதற்கு ஏற்ற களமாக வளர்ந்துவிட்டது. நான் இந்த ஓட்டத்தைப் பல ஆண்டுகளாகப் பத்திரிகையிலும் பின்னர் தொலைக்காட்சியிலும் தொடர்ந்து வருபவன். வண்டியின் நுட்பத்திலோ வேகத்திலோ எனக்குள்ள நாட்டம் சிறிது. அவ்வோட்டத்தின் அமைப்பிலுள்ள நாட்டம் பெரிது. அந்த அமைப்பைப் பற்றியே இங்கு சில கூற விழைகிறேன்.

காப்பியமும் தனிப்பாடலும்

இன்று இந்த ஓட்டம் 21 கட்டங்களாக நடைபெறுகின்றது. ஒரு நாளுக்கு ஒரு கட்டம்; இடையில் இரண்டு நாள் ஓய்வு; ஆக 23 நாள். கடக்கும் தூரம் ஏறத்தாழ 3,300 முதல் 3,500 கிலோமீற்றர் வரை. குழுவுக்கு எண்மராக இருபதுக்கு மேற்பட்ட குழுக்கள் புறப்படுகின்றன. ஒரே ஓட்டத்தை ஏன் இத்தனை துண்டாக வெட்ட வேண்டும் என்று மாணவர் சிலர் என்னைக் கேட்டதுண்டு. காப்பியத்தை ஏன் காண்டமாகவும் படலமாகவும் வகுத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள் என்பதே நான் அவர்களுக்குக் கூறும் விடை. ஒவ்வொரு படலத்துக்கும் தனியே ஒரு தொடக்கமும் முடிவும் உண்டு. அதனளவிலே அது நிறைவுடையது. அதே வேளையில், முழுக் கதையின் போக்குக்கும் அது ஒரு படி.

கட்டமும் அவ்வாறே. அன்றன்று எல்லைக் கோட்டை முதலில் தொடுபவர் அன்றைய கட்டத்தை வென்றவர். ஆனால் எல்லாக் கட்டங்களுக்கும் எடுத்த நேரத்தைக் கூட்டிப் பார்க்குமிடத்து எவருடைய கூட்டுத்தொகை மிகக் குறைந்ததோ அவரே ஓட்டத்தை வென்றவர். இவ்விரு வெற்றிகளும் வெவ்வேறானவை. ஒரு கட்டத்தையேனும் வெல்லாமல் முழு ஓட்டத்தையும் வென்றவர் உண்டு; 1990இல் அமெரிக்கரான கிரெக் லெமொண்டும், 2017இல் பிரித்தானியரான கிறிஸ் புறூமும் அவ்வாறு வென்றனர். மறுதலையாக, மார்க் கவென்டிஷ் என்பவர் 2024ஆம் ஆண்டு வரையில் 35 கட்டங்களை வென்று, பெல்ஜிய நாட்டு எடி மேர்க்ஸ் நிலைநாட்டியிருந்த 34 என்னும் எண்ணைக் கடந்தார். ஆயினும் முழு ஓட்டத்தின் வெற்றிக்கு அவர் ஒருபோதும் அருகில் வந்தவரல்லர். சமதரையில் இறுதிச் சில நூறு மீற்றரில் மின்னலெனப் பாயும் அவர், மலை நாட்களில் விதித்த நேர எல்லைக்குள் வந்து சேருவதற்கே போராடினார். மேர்க்ஸ் காப்பியம் பாடியவர்; கவென்டிஷ் தனிப்பாடற் புலவர். இரண்டுக்கும் இடமளித்திருப்பது இந்த ஓட்டத்தின் தனிச் சிறப்பு.

நிலமும் ஒழுக்கமும்

நிலத்தை ஐந்தாகப் பகுத்து, நிலத்துக்கேற்ற ஒழுக்கத்தை வகுத்த மரபிலே வந்தவர்களாகிய நமக்கு, இந்தக் கட்டங்களின் இயல்பு எளிதில் விளங்கும். நிலம் மாறும்போது மனிதரின் நடத்தையும் மாறுகின்றது.

வயலும் ஊரும் நிறைந்த சமதரையிலே அனைவரும் பெருங் கூட்டமாகச் செல்வர். எதிர்க்காற்றை முன்னாற் செல்பவர் தாங்க, பின்னால் வருபவர் அவருடைய மறைவிற் செல்வதால் தம் வலுவில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கைச் சேமித்துக்கொள்ளலாம். ஆகவே, எதிரிகளாயினும் அங்கே ஒருவரோடொருவர் ஒட்டியே வாழ்கிறார்கள். சிலர் காலையிலே கூட்டத்தினின்றும் பிரிந்து முன்னே ஓடுவர். மாலையில், எல்லை தென்படும் வேளையிற் கூட்டம் அவர்களைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். விழுங்கப்படுவோம் என்று அறிந்தும் மறுநாளும் சிலர் ஓடுவர். கூட்டமாக எல்லை சேருவோர் அனைவருக்கும் ஒரே நேரமே கணக்கிடப்படும்.

கடற்கரை ஓரத்துப் பாதைகளிலே பகைவன் காற்று. பக்கத்திலிருந்து அது வீசும்போது, வீரர்கள் வீதியின் குறுக்கே சாய்வாக விசிறிபோல அணிவகுப்பர். வீதியின் அகலம் எத்தனை பேரைத் தாங்குமோ அத்தனை பேருக்கே அவ்வணியில் இடம் உண்டு. இடம் கிடைக்காதவர் வீதியோரத்திற் காற்றோடு தனித்துப் போராடிப் பின்தங்குவர். ஒரு கணம் அசட்டையாக இருந்தவர் பல நிமிடங்களை இழப்பதும் உண்டு.

மலையிலோ மறைவு இல்லை. வேகம் குறையக் குறைய முன்னே செல்பவரின் முதுகு தரும் உதவியும் குறைந்துபோகின்றது. ஒவ்வொருவரும் தத்தம் இருதயத்தோடும் மூச்சோடும் தனித்து விடப்படுகின்றனர். பிரெனீஸ், அல்ப்ஸ் என்னும் இரு மலைத் தொடர்களிலேதான் ஓட்டத்தின் தலைவிதி பெரும்பாலும் எழுதப்படுகின்றது.

இவற்றுக்கெல்லாம் புறம்பாக, ஒருவர் பின் ஒருவராக இடைவெளிவிட்டுப் புறப்பட்டு, கடிகாரத்தோடு மட்டுமே போராடும் கட்டம் ஒன்றுண்டு. அது 1934இல் முதன் முறையாகச் சேர்க்கப்பட்டது. வீரர்கள் அதனை உண்மையின் ஓட்டம் என்பர். அங்கே துணையும் இல்லை, சாட்டும் இல்லை.

தனிமனிதனைத் தேடிய ஆசிரியர்

முதலாவது ஓட்டம் 1903 யூலை 1ஆந் தேதி பாரிசுக்கு அண்மையிலுள்ள மோன்ஜெரோன் என்னும் இடத்திலிருந்து புறப்பட்டது. அன்று கட்டங்கள் ஆறே. ஆனால் ஒவ்வொன்றும் நெடியது. பாரிசிலிருந்து லியோன் வரையிலான முதற் கட்டம் மட்டும் 467 கிலோமீற்றர். இரவு முழுவதும் இருளிலும் புழுதியிலும் ஓடினார்கள். புறப்பட்டவர் 60 பேர். 2,428 கிலோமீற்றரையுங் கடந்து பாரிசை மீண்டும் அடைந்தவர் 21 பேர். இளமையிற் புகைபோக்கி துடைக்குந் தொழில் செய்த மொரிஸ் கரான் என்பவர் இரண்டாம் இடத்தவரை ஏறத்தாழ மூன்று மணித்தியால வித்தியாசத்தில் வென்றார். ‘லோட்டோ’வின் விற்பனை பன்மடங்காகப் பெருகியது. அடுத்த ஆண்டிலே ‘ல வேலோ’ மறைந்தது.

வெற்றியின் நிழலிலே வஞ்சகமும் வந்தது. 1904ஆம் ஆண்டு ஓட்டத்தில் இரவின் இருளைப் பயன்படுத்திப் புகையிரதத்தில் ஏறியவர்களும், வீதியில் ஆணி தூவியவர்களும், தம்மூர் வீரனுக்காகப் பிறரைத் தடியால் அடித்தவர்களும் இருந்தனர். முதல் நான்கு இடங்களைப் பெற்றோர், கரான் உட்பட, பின்னர் நீக்கப்பட்டனர். ஐந்தாவதாக வந்த ஹென்றி கோர்னே என்னும் பத்தொன்பது வயது இளைஞர் வென்றவராக அறிவிக்கப்பட்டார். கட்டங்கள் குறுகியதும் எண்ணிக்கையிற் கூடியதும் இதன் விளைவே. 1905இல் இரவோட்டம் தவிர்க்கப்பட்டது. கட்டங்கள் 11 ஆயின.

டெக்ரான்ஜ் ஒரு கொள்கை உடையவர். ஒரு மனிதன், ஒரு வண்டி, ஒரு வீதி. பிறர் உதவி எதுவும் கூடாது. தனிமனிதனின் மனத்திட்பத்தைச் சோதிப்பதே தம் ஓட்டத்தின் நோக்கம் என அவர் கருதினார். பற்சக்கரம் மாற்றும் கருவியைக்கூட 1937 வரை அனுமதிக்கவில்லை. கட்டங்களை மென்மேலும் கடுமையாக்கினார். 1910இல் வீரர்களைப் பிரெனீஸ் மலைக்கு அனுப்பினார். லுஷோன் முதல் பயோன் வரையான 326 கிலோமீற்றர்க் கட்டத்திலே, 2,115 மீற்றர் உயரமான தூர்மலே கணவாயும் ஒபிஸ்க் கணவாயும் குறுக்கிட்டன. வண்டியைத் தள்ளிக்கொண்டும் மிதித்துக்கொண்டும் ஏறிய ஒக்டாவ் லப்பீஸ் என்பவர், அங்கு நின்ற அமைப்பாளரைப் பார்த்து நீங்கள் கொலைகாரர் என்று கூவினார் என்பது வழிவழி வருஞ் செய்தி. அவ்வாண்டு ஓட்டத்தை அவரே வென்றார். ஏழு ஆண்டுகளின் பின், முதலாம் உலக யுத்தத்தில், விமானியாகப் போரிட்டு மடிந்தார்.

தனிமனிதக் கொள்கையின் உச்சத்தை 1913இற் காண்கிறோம். எயூஜேன் கிறிஸ்தொப் என்னும் வீரர் தூர்மலேயிலிருந்து இறங்குகையில் அவருடைய வண்டியின் முன்கவை முறிந்தது. வேறு வண்டி பெறுதல் விதிக்கு விரோதம். பிறர் திருத்திக் கொடுத்தலும் விரோதம். வண்டியைத் தோளிலே சுமந்து, மலையடிவாரத்திலுள்ள சென்ற் மரி த கம்பான் என்னும் ஊர்வரை நடந்து, அங்கேயிருந்த கொல்லன் பட்டறையில் தாமே இரும்பைக் காய்ச்சி அடித்துக் கவையைப் பொருத்தினார். பல மணித்தியாலங்கள் கழிந்தன. ஓட்ட அதிகாரிகள் அருகில் நின்று கண்காணித்தனர். இரு கைகளும் வேலையில் இருந்தமையால், பட்டறைச் சிறுவன் ஒருவன் அவருக்காகத் துருத்தியை ஊதினான். அது பிறர் உதவியாம்! தண்டனையாகப் பத்து நிமிடம் சேர்த்தார்கள். பின்னர் அதனை மூன்றாகக் குறைத்தார்கள்.

இந்தச் சம்பவத்தை வாசிக்குந்தோறும் எனக்கு வியப்பும் சினமும் ஒருங்கே எழுகின்றன. கிறிஸ்தொப்பின் உறுதி வியப்புக்குரியது. ஆனால் ஒரு சிறுவனின் துருத்தி ஊதலைக் குற்றமாகக் கண்ட கொள்கை, மனிதனை உயர்த்துவதற்குப் பதிலாக அவனை மனித சமூகத்தினின்றும் பிரித்து வைக்கின்றது. 1919இல், ஓட்டத்தில் முன்னணியில் நிற்பவரை மக்கள் எளிதில் இனங்காணுவதற்காக மஞ்சட் சட்டை அணிவிக்கும் வழக்கம் தொடங்கியபோது, அதனை முதன் முதல் அணிந்தவர் இதே கிறிஸ்தொப். அவ்வாண்டிலும், பாரிஸ் அண்மித்த வேளையில், அவருடைய முன்கவை மீண்டும் முறிந்தது. தூர் த பிரான்சை அவர் ஒருபோதும் வென்றிலர்.

மதிற் சுவரில் அமர்ந்த இளைஞன்

தனிமனிதன் என்ற கொள்கை நிலைக்கவில்லை. அதனைத் தோற்கடித்தது எந்தச் சங்கமும் அன்று, காற்றே தோற்கடித்தது. மறைவில் வருபவனுக்கு இலாபம் உண்டு என்ற இயற்கை விதி உள்ளவரை, ஒருவனுக்காக மற்றொருவன் காற்றைத் தாங்குதலும் இருக்கும். கட்டங்கள் பலவாதலால் இன்று எனக்காக உழைத்தவனுக்கு நாளை நான் கைம்மாறு செய்யவும் வாய்ப்புண்டு. இவ்வாறு கூட்டுறவு புகுந்தது. 1930இலே தேசியக் குழுக்களை அமைத்து டெக்ரான்ஜே அதனை ஏற்றுக்கொண்டார்.

1934ஆம் ஆண்டுப் பிரெஞ்சுக் குழுவிலே ரெனே வியெத்தோ என்ற இருபது வயது இளைஞர் இருந்தார். மலையேற்றத்தில் அவருக்கு நிகரானவர் அவ்வாண்டில் இல்லை. மஞ்சட் சட்டையோ அதே குழுவைச் சேர்ந்த அந்தொனான் மாஞ் என்பவரிடம் இருந்தது. பிரெனீஸ் மலையில் ஓரிடத்து மாஞ் விழுந்து, அவருடைய முன்சக்கரம் உடைந்தது. வியெத்தோ தம் முன்சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்தார். மாஞ் போய்விட்டார். ஒற்றைச் சக்கரத்தோடு நின்ற தம் வண்டியின் அருகில், வீதியோர மதிற் சுவரிலே அமர்ந்து, உதவி வண்டி வரும்வரை அந்த இளைஞர் காத்திருந்தார். கண்ணீருடன் வீதியை நோக்கும் அந்தக் கோலத்தைப் படமெடுத்தார்கள். மறுநாள் மலையிறக்கத்தில் மாஞ்சின் வண்டி மீண்டும் பழுதுற்றது. முன்னே போய்க்கொண்டிருந்த வியெத்தோ செய்தி அறிந்து, வந்த வழியே மலைமேல் திரும்பி ஏறித் தம் வண்டியையே கொடுத்தார்.

மாஞ் ஓட்டத்தை வென்றார். வியெத்தோ மலையேற்றப் பரிசைப் பெற்று, முழு ஓட்டத்தில் ஐந்தாவதாக வந்தார். பின்னர் 1939இலும் 1947இலும் மஞ்சட் சட்டையைப் பல நாள் அணிந்தும், அவரால் வெல்ல முடியவில்லை.

துருத்தி ஊதிய சிறுவனுக்காகத் தண்டனை விதித்த காலத்துக்கும், சக்கரம் கொடுத்த இளைஞனை நாடே கொண்டாடிய காலத்துக்கும் இடையில் 21 ஆண்டுகளே. இதற்குள் இந்த ஓட்டத்தின் அறமே மாறிவிட்டது. எனினும் மற்றொரு கேள்வி இங்கே எழுகின்றது. வியெத்தோவின் தியாகம் அவராக விரும்பிச் செய்ததா, குழுவின் கட்டளையா? இன்றைய குழுக்களில் எண்மரில் எழுவர் ஒருவருக்காகவே உழைக்கின்றனர். தண்ணீர்ப் போத்தல்களைச் சுமந்து வருதல், காற்றைத் தாங்குதல், மலையடிவாரம் வரை வேகத்தைக் கூட்டிக் கொடுத்துவிட்டுச் சோர்ந்து விலகுதல் ஆகியனவே அவர்களுடைய தொழில். அதற்கு அவர்கள் ஊதியம் பெறுகிறார்கள். பரிசுப் பணத்தை வென்றவர் தம் தோழருடன் பகிர்ந்துகொள்ளும் வழக்கமும் உண்டு. ஆனால் வரலாற்றேட்டிலே பதிவாவது ஒரு பெயர். பங்கிடக்கூடியது பணம், பங்கிட முடியாதது புகழ். மஞ்சட் சட்டையின் உண்மையான விலை அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

செக்கன்களின் கொடுமை

மூன்று வார உழைப்பின் முடிவு சில வேளைகளில் மூச்சளவு நேரத்திலே தங்கியுள்ளது. 1989இல் கடைசிக் கட்டம் கடிகாரத்தோடு ஓடும் தனியோட்டம். வெர்சாயிலிருந்து பாரிஸ் வரை 24.5 கிலோமீற்றர். அதற்குமுன் பிரெஞ்சு வீரர் லோரான் பின்யோன் 50 செக்கன் முன்னணியில் இருந்தார். லெமொண்ட் கைகளை முன்னே நீட்டிப் படுத்தாற்போலச் செலுத்துவதற்கான புதிய கைபிடியைப் பூட்டியிருந்தார். பின்யோனிடம் அது இல்லை. முடிவில் லெமொண்ட் 8 செக்கன்களால் ஓட்டத்தையே வென்றார். மூவாயிரத்துக்கு மேற்பட்ட கிலோமீற்றர் ஓடி, எட்டுச் செக்கன்! இரு முறை ஓட்டத்தை வென்றிருந்த பின்யோனை உலகம் அந்த எட்டுச் செக்கன்களாலேயே நினைவுகூருகின்றது.

தோல்வியே ஒருவரை மக்களின் நெஞ்சில் அமர்த்துவதும் உண்டு. 1964இல் புய் த டோம் என்னும் எரிமலைக் குன்றின் ஏற்றத்தில் ஜாக் அன்கெத்தீலும் ரேமோன் புலிடோரும் தோளோடு தோள் உரசி ஏறினார்கள். உச்சி அண்மித்தபோதுதான் புலிடோர் விலகி முன்னேறினார். 56 செக்கனாயிருந்த இடைவெளி 14 ஆகச் சுருங்கியது, ஆனால் மறையவில்லை. அன்கெத்தீல் இறுதியில் 55 செக்கன்களால் வென்றார். அது அவருடைய ஐந்தாவது வெற்றி. புலிடோர் எட்டு முறை முதல் மூவருள் ஒருவராக வந்தும், ஒரு நாளேனும் மஞ்சட் சட்டையை அணிந்திலர். ஆயினும் பிரெஞ்சு மக்கள் அன்கெத்தீலை மதித்தார்கள், புலிடோரை நேசித்தார்கள். அவர் 2019இல் இறந்தார். 2021இல் அவருடைய பேரன் மத்தியூ வான் டர் பூல், இரண்டாங் கட்டத்திலேயே மஞ்சட் சட்டையைப் பெற்றார்.

வெறுமையாய் விடப்பட்ட ஏழு வரிகள்

புகழ்ச்சி மட்டும் கூறி முடிப்பது நேர்மையாகாது. மனித உடலின் எல்லையைத் தாண்டிய வேலையை ஒருவனிடம் கேட்டால், அவன் எல்லையைத் தாண்டிய வழிகளையும் தேடுவான். 1967 யூலை 13ஆந் தேதி, மரமற்ற வெண்கல் உச்சியையுடைய மோன் வாந்தூ மலையின் கொடும் வெயிலிலே பிரித்தானிய வீரர் ரொம் சிம்சன் விழுந்து இறந்தார். ஊக்க மருந்து அவருடைய உடலிற் காணப்பட்டது. அவர் விழுந்த இடத்துக்கு அருகில் நினைவுக்கல் ஒன்று நிற்கின்றது. அது பலருக்குப் பாடமாகவில்லை. 1999 முதல் 2005 வரை தொடர்ந்து ஏழு முறை வென்றவராகப் போற்றப்பட்ட லான்ஸ் ஆம்ஸ்ட்ரோங்கின் வெற்றிகள் அனைத்தும் ஊக்க மருந்துக் குற்றத்தால் 2012இல் நீக்கப்பட்டன. அந்த இடங்களை வேறு எவருக்கும் வழங்கவில்லை. வென்றோர் பட்டியலில் ஏழு வரிகள் வெறுமையாகவே உள்ளன. 1904இற் செய்ததுபோல அடுத்தவரைத் தூக்கி முதலிடத்தில் வைக்கும் துணிவு இம்முறை எவருக்கும் வரவில்லை. அடுத்தவர் தூயவர் என்று யார் உறுதி கூறுவது? அந்த வெறுமை, எழுதப்பட்ட எந்தப் பெயரையும்விடத் தெளிவாகப் பேசுகின்றது.

கடைசியில் வருபவர்

ஓட்டத்தின் முன்னணியையே பெரும்பாலார் நோக்குகின்றனர். நான் மாணவருக்குக் கூறுவது, மலைக் கட்டங்களிற் பின்னணியையும் நோக்குங்கள் என்பதே. அங்கே வேறொரு கூட்டம் வருகின்றது. விரைந்தோடுவதில் வல்லவராயினும் மலையேற மாட்டாதோர், காயமுற்றோர், காலையிலே தலைவனுக்காக உழைத்துக் களைத்தோர் ஆகிய எல்லாரும் குழுப் பேதமின்றி ஒன்றுசேர்ந்து வருவர். அன்றைய வெற்றியாளரின் நேரத்தோடு குறித்த விகிதத்தைக் கூட்டி எல்லை விதிக்கப்படும். அதற்குள் வராதவர் மறுநாள் புறப்பட முடியாது. ஆகவே அவர்கள் மனத்தாற் கணக்கிட்டு, மேட்டிலே நலிந்தவனுக்காகச் சிறிது தாமதித்து, பள்ளத்திலே விரைந்து, ஒருவரை ஒருவர் தேற்றிக்கொண்டு வருவார்கள். அவர்களுக்குப் பின்னே, கைவிட்டோரை ஏற்றிச் செல்லும் வண்டி ஒன்று வரும். 1910 முதல் வரும் அவ்வண்டிக்குத் துடைப்ப வண்டி என்று பெயர். முழு ஓட்டத்திலும் கடைசியாக வருபவரைச் செவ்விளக்கு என்பர். புகையிரதத்தின் கடைசிப் பெட்டியிலே தொங்கும் விளக்கை நினைந்து இட்ட பெயர் அது. அப்பெயரில் ஏளனம் இருந்தாலும், அவரும் 21 கட்டங்களையும் கடந்தவர் என்பதை மறக்கலாகாது.

டெக்ரான்ஜ் விரும்பிய ஓட்டத்திலே ஒரே ஒருவன் மட்டுமே பாரிசை அடைந்திருப்பான் என்று கூறுவதுண்டு. அந்த விருப்பம் நிறைவேறவில்லை. ஆண்டுதோறும் நூற்றுக்கு மேற்பட்டோர் முடிவை அடைகின்றனர். அவர்களுள் ஒருவன் வெல்லுகிறான்; ஏனையோர் அவனை வெல்லச் செய்கின்றனர் அல்லது அவனுடைய வெற்றிக்கு மதிப்பைக் கொடுக்கின்றனர். எதிர்த்து ஓடுவோர் இல்லாத இடத்தில் வெற்றிக்குப் பொருள் ஏது? பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளில் முதலிடத்துப் பெயரை மட்டும் பெரிய எழுத்திற் பொறிக்கும் நம் காலத்தார், முன்னே சென்று காற்றைத் தாங்கியவர் யார், சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்தவர் யார் என்றும் ஒரு முறை கேட்டுக்கொள்வது நல்லது.